இணைப்புக் கோட்டை விட்டு விலகும் டார்ச்: எல்லைப் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையில், வாளையாறு முதல் கஞ்சிக்கோடு வரையிலும், இந்தப் பக்கம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வரையிலும் உள்ள பட்டறைகளில் ரோபோவும், ஒரே வேலைக்கென்று செய்த எஸ்.பி.எம். எந்திரங்களும் வெல்டிங் வேலைக்கு வந்துவிட்டன. அவற்றோடு ஒரு புகாரும் சேர்ந்தே வந்திருக்கிறது: வெல்டிங் செய்யும் முனையான டார்ச், இரு தகடுகள் சேரும் இணைப்பை விட்டு விலகிப் போகிறது. டார்ச்சை இணைப்பின் மேலேயே தானாக நிறுத்தி வைக்கும் டிராக்கிங் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இது பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கஞ்சிக்கோடு, டிரெய்லர் சேசிஸ் தயாரிப்பு: அண்ணா, புதிதாக ரோபோ வாங்கினோம். முதல் சேசிஸில் பாதையைக் கற்றுக்கொடுத்தோம், அருமையாக ஓடியது. நான்காவது ஐந்தாவது சேசிஸில் பீட் (உருகி உறைந்த வெல்டிங் வரி) ஒரு பக்கத் தகட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. இணைப்பை லேசரால் பார்த்து டார்ச்சைத் திருத்தும் லேசர் டிராக்கிங் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்குவதற்கு முன்னால், எது நகர்கிறது என்று கண்டுபிடியுங்கள். ரோபோ நகரவில்லை. முதல் நாள் போன பாதையிலேதான் அது இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. நகரக்கூடியவை நான்கு: தகட்டை வெட்டும்போதும் வளைக்கும்போதும் வரும் அளவு வேறுபாடு, சேசிஸைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரில் அது உட்காரும் விதம், வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொள்வது, கடைசியாகப் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, டார்ச்சின் நுனியில் வயர் வெளிவரும் துளையான டிப்புக்கு வெளியே, உருகி இணைப்பை நிரப்பும் வயர் வளைந்து நிற்பது.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. ஆர்க் (வயர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி) இல்லாமல் ரோபோவை வெறுமனே ஓட்டி, தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று இடங்களில் வயர் முனைக்கும் இணைப்புக்கும் உள்ள விலகலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல சேசிஸ்களில் இதைச் செய்யுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு, ஒரே பக்கம் என்றால் சேசிஸ் மொத்தமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு டிராக்கிங் வேண்டாம். வயரில் மின்னழுத்தம் கொடுத்து, அதை விரல் போலத் தகட்டில் தொடவைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் டச் சென்சிங் போதும். பல வெல்டிங் ரோபோக்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, அல்லது கூடுதல் மென்பொருளாகக் கிடைக்கிறது. விற்பவர் முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு அளவு, முடிவில் வேறு அளவு என்றால் தகடு வளைந்தோ திரும்பியோ இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்தால் நேர்கோட்டு விலகலை அதே டச் சென்சிங்கே திருத்திவிடும். வெறும் ஓட்டத்தில் சரியாக இருந்து, ஆர்க் எரியும்போது மட்டும் விலகினால்தான் வெல்டிங் நடக்கும்போதே திருத்தும் கருவிக்குத் தேவை வருகிறது. சூட்டின் பங்கைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். 1 மீட்டர் எஃகு சராசரியாக 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கு ஃபிக்ஸ்சர் இடம் கொடுக்காவிட்டால் தகடு பக்கவாட்டில் பிதுங்கும்.

எவ்வளவு விலகல் வரை பொறுக்கலாம் என்பதற்குப் பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு. வயர் விட்டத்தில் பாதி. 1.2 மி.மீ. வயர் என்றால் இந்தப் பக்கம் 0.6, அந்தப் பக்கம் 0.6. அதற்குள் நின்றால் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

அதே நிறுவனம், தரச் சோதனைப் பிரிவு: வயர் வளைந்து நிற்கிறது என்றீர்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். ஸ்பூலில் சுற்றிய வயர் நேராவதில்லை. டிப்பைத் தாண்டிய பிறகும் தன் சுருளின் வளைவை அது விடாது. ஒரு சுற்று வயரைத் தரையில் விட்டால் 400 மி.மீ. விட்டத்தில் வளையமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்பிலிருந்து 20 மி.மீ. வெளியே நீட்டினால் முனை ஏறத்தாழ 1 மி.மீ. பக்கவாட்டில் போய்விடும். இது நான் மேலே சொன்ன 0.6 எல்லையைத் தாண்டிய அளவு. டிப் துளை தேய்ந்து முட்டை வடிவமானால் வயர் அதற்குள் திரும்பத் தொடங்கும். விலகலின் திசையும் மாறிக்கொண்டே இருக்கும்.

லேசர் டிராக்கிங்கின் பெரிய பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. லேசர் இணைப்பைப் பார்க்கிறது, வயர் முனையைப் பார்ப்பதில்லை. இணைப்பு எங்கே என்று பிசகில்லாமல் சொல்லும். டார்ச்சின் நடு அச்சும் சரியாக அங்கே போய் நிற்கும். ஆர்க் மட்டும் 1 மி.மீ. தள்ளி எரியும். அதனால் டிராக்கிங் சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் டிப்பை மாற்றச் சொல்கிறேன். டிப்பை மாற்றியதும் எத்தனையோ புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

சித்தூர் (பாலக்காடு), பொறியியல் மாணவி: ஆர்க்கையே சென்சராக வைத்து டார்ச்சைத் திருத்துகிறார்கள் என்று படித்தேன். கேமரா இல்லாமல் இடம் வலம் எப்படித் தெரியும், ஐயா?

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அம்மா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயர் தானாக வந்து உருகிக்கொண்டே இருக்கும் சிஓ2 அல்லது மிக் வெல்டிங்கில், மின்சாரம் தரும் பவர் சோர்ஸ் வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும். வயர் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். டிப்புக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் குறைந்தால், வெளியே நீண்டிருக்கும் வயரின் நீளமும் குறையும். அந்த நீட்டிய வயரில் ஓடும் மின்சாரமே அதைச் சூடாக்கி, உருகுவதற்கான வேலையில் ஒரு பகுதியை முடித்து வைக்கிறது. நீளம் குறைந்தால் அந்த முன்சூடும் குறையும். அப்போதும் வயர் அதே வேகத்தில் வருவதால் அதை உருக்க ஆர்க் கூடுதல் ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சுருக்கமாக, தூரம் குறைந்தால் ஆம்பியர் ஏறும், தூரம் கூடினால் ஆம்பியர் இறங்கும்.

இப்போது ஒரு ‘வி’ பள்ளத்தில் டார்ச்சை இடமும் வலமும் ஆட்டுங்கள். பள்ளத்தின் நடுவில் தகடு தூரத்தில் இருக்கிறது, இரு சுவர்களிலும் அருகில் வருகிறது. ஆட்டத்தின் இடக்கோடியில் ஆம்பியர் ஏறும், நடுவில் இறங்கும், வலக்கோடியில் மறுபடியும் ஏறும். டார்ச் சரியாக நடுவில் போனால் இரண்டு ஏற்றங்களும் சமம். இடப்பக்கம் அதிகம் ஏறினால் டார்ச் இடச்சுவரை ஒட்டிப் போகிறது, வலத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டு கோடிகளின் வித்தியாசம் பக்கவாட்டுப் பிழையைச் சொல்கிறது. மொத்தச் சராசரி உயரத்தைச் சொல்கிறது. ஒரே ஆம்பியர் அளவீட்டில் இரண்டு திசைகளும் கிடைத்துவிடுகின்றன.

மாற்றம் பெரிதாக இருக்காது. 250 ஆம்பியரில் ஓடும் ஆர்க்கில் 1 மி.மீ. உயர வேறுபாட்டுக்கு சில ஆம்பியர்தான் மாறும். துளி விழுவதாலும் தெறிப்பாலும் வரும் ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரியது. எனவே ஒரு நொடிப் பொழுதின் அளவை நம்பக் கூடாது. ஆட்டத்தின் கோடிகளில் கிடைக்கும் அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். மின்சாரம் துடித்துத் துடித்து வரும் பல்ஸ் மிக் என்றால் பல முழுப் பல்ஸ்களை அடக்கிய சராசரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டார்ச் நொடிக்கு 8 மி.மீ. நகர்கிறது, நொடிக்கு 3 முறை ஆடுகிறது, நான்கு ஆட்டங்களின் சராசரிக்குப் பிறகு ஒரு திருத்தம். அதற்குள் டார்ச் 11 மி.மீ. அளவுக்குப் போயிருக்கும். இணைப்பு 1 மீட்டருக்கு 20 மி.மீ. சாய்ந்து போனாலும் அந்த 11 மி.மீ.யில் சேரும் பிழை 0.2 மி.மீ.தான். கனத்த தகட்டு வேலைக்கு அது தாராளம். இன்னும் வேகம் வேண்டும் என்று ஆர்க்கையே சுழலவைக்கும் முறையை ஜப்பானில் வளர்த்தார்கள். அது நொடிக்குப் பல பத்து சுற்று சுற்றும்.

இன்னொரு அழகும் இதில் இருக்கிறது. வளைந்த வயரின் தொல்லை இந்த முறையை அதிகம் தொடுவதில்லை. வயர் முனை எங்கே எரிகிறதோ அங்கிருந்தே அளவு வருவதால் திருத்தமும் ஆர்க்கையே நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

வேலந்தாவளம், டிப்பர் மற்றும் வேன் பாடி பட்டறை: அப்படியானால் எங்கள் 1.6 மி.மீ. தகட்டு லேப் ஜாயிண்டுக்கும் (ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றிச் சேர்ப்பது) ஆர்க் சென்சிங்கே போதுமே? விலையும் குறைவு என்கிறார்கள்.

போதாது. ஆர்க் சென்சிங்குக்குச் சுவர் வேண்டும். இரு தகடுகள் மூலையாகச் சேரும் ஃபில்லட்டிலும் ‘வி’ பள்ளத்திலும் இரண்டு சுவர் இருக்கிறது. உங்கள் லேப் ஜாயிண்டில் இருப்பது 1.6 மி.மீ. உயரப் படி ஒன்று மட்டும். ஆர்க் பட்டதும் அந்த விளிம்பு உருகி மழுங்கிவிடும், அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. 3 மி.மீ.க்குக் குறைந்த படியில் இதை நம்பி இறங்காதீர்கள். மேலும் மெல்லிய தகட்டில் டார்ச்சை ஆட்டினால் வேகம் குறைந்து தகடு ஓட்டை விழும். உங்களுக்கு லேசர்தான், அல்லது ஃபிக்ஸ்சரையே நன்றாகச் செய்துவிடுவது. மெல்லிய தகட்டில் இரண்டாவதற்கே என் ஓட்டு.

இடைவெளியே இல்லாமல் விளிம்போடு விளிம்பு ஒட்டிய பட் ஜாயிண்டுக்கும் ஆர்க் சென்சிங் ஆகாது.

கஞ்சிக்கோடு, எந்திரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்: எங்கள் நேர்கோட்டு வெல்டிங் எந்திரத்தில் லேசர் சென்சாரை டார்ச்சுக்கு 40 மி.மீ. முன்னால், டார்ச்சைப் பக்கவாட்டில் நகர்த்தும் அதே குறுக்கு ஸ்லைடில் பொருத்தினோம். சென்சார் காட்டும் பிழையைப் பூஜ்யமாக்கும்படி பி.ஐ.டி. என்ற கட்டுப்பாட்டுக் கணக்கைப் போட்டோம். டார்ச் பாம்பு போல நெளிந்துகொண்டே போகிறது. எந்த கெயின் (பிழைக்கு எவ்வளவு திருத்தம் என்ற அளவு) வைத்தாலும் அடங்கவில்லை.

கெயினில் எதுவும் இல்லை, சார். கணக்கின் அமைப்பிலேயே பிசகு இருக்கிறது.

லேசர் இணைப்பின் குறுக்கே ஒரு கோடு போடுகிறது. சாய்ந்த கோணத்திலிருந்து கேமரா அந்தக் கோட்டைப் பார்க்கிறது. தகட்டில் பள்ளம் இருக்கும் இடத்தில் கோடு உடைந்து தெரியும், அந்த உடைப்புதான் இணைப்பு. இது நடப்பது டார்ச் நிற்கும் இடத்தில் அல்ல, 40 மி.மீ. முன்னால். நொடிக்கு 8 மி.மீ. வேகத்தில் டார்ச் அந்த இடத்துக்கு வந்து சேர 5 நொடி ஆகும். சென்சார் இப்போது காட்டும் பிழையை டார்ச்சில் இப்போதே திருத்தினால், வளைவு வரும் முன்பே டார்ச் திரும்பிவிடும். சரி என்று 5 நொடி தாமதித்துத் திருத்தினால், அந்த இடைவெளியில் ஸ்லைடு நகர்ந்திருக்கும். ஸ்லைடோடு சென்சாரும் நகர்ந்திருப்பதால் பழைய அளவுக்கு இப்போது பொருளே இல்லை. 5 நொடி தாமதம் உள்ள சுற்றில் பிழையைத் துரத்தினால் நெளிவுதான் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இது. சென்சார் அளவு வரும் அதே கணத்தில் ஸ்லைடு இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். இணைப்பு எந்திரத்தின் நிலையான அளவுகோலில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை நேரத்தால் அல்ல, கடந்த தூரத்தால் அட்டவணையில் எழுதி வையுங்கள். நீள ஓட்டத்தின் தூரத்தை எண்ணும் என்கோடர் 40 மி.மீ. கடந்ததும் அந்த எண்ணை எடுத்து ஸ்லைடுக்கு ‘இங்கே போ’ என்று கட்டளையாகக் கொடுங்கள். ஆபரேட்டர் நடுவில் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த அட்டவணை கெடாது. ஸ்லைடு சொன்ன இடத்துக்குப் போவதை அதன் சர்வோ மோட்டார் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊரிலேயே இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் கட்டுப்பாட்டு வால்வுகள் செய்கிறது. வால்வின் பொசிஷனர் எப்படித் தண்டைச் சொன்ன நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறதோ, இங்கேயும் கடைசிக் கட்டத்தில் அது மட்டுமே நடக்க வேண்டும். எங்கே போவது என்ற முடிவு அதற்கு வெளியே எடுக்கப்பட வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தொடக்கத்தின் முதல் 40 மி.மீ. ஆர்க் பற்றும் முன்பே சென்சார் அந்தப் பகுதியைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டுக்கு அட்டவணை வெறுமையாக இருக்கும். 40 மி.மீ. பின்னால் தள்ளி வெறும் ஓட்டமாகத் தொடங்குங்கள். இரண்டு, ஸ்லைடின் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு. ஸ்லைடை நகர்த்தும் பற்சட்டமான ரேக்கில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் மோட்டார் சுற்றும், டார்ச் நகராது. அதை மென்பொருளால் ஈடுகட்டப் பார்ப்பதைவிட ரேக்குக்குப் பதில் பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் ஓடும் திருகுத் தண்டு) போடுவது மேல்.

வாளையாறு, கட்டமைப்பு எஃகுப் பட்டறை: எங்கள் ஷெட் பாதி திறந்தது. ஆனி, ஆடியில் ஆர்க் சென்சிங் தறிகெட்டுப் போகிறது. கார்த்திகை, மார்கழியில் ஒழுங்காக ஓடுகிறது. கருவியில் கோளாறா?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நீங்கள் இருப்பதோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான்.

அந்தக் காற்று ஆர்க்கை வெளிக்காற்றிலிருந்து காக்கும் உங்கள் ஷீல்டிங் கேஸை அடித்துக்கொண்டு போகிறது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதியே, கேஸ் பாதுகாப்பில் செய்யும் வெல்டிங்குக்கு மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் காற்று கூடாது என்கிறது. உங்கள் ஷெட்டில் ஆடியில் அடிப்பது அதைவிடப் பல மடங்கு. கேஸ் கலைந்தால் ஆர்க் நிலையில்லாமல் துள்ளும், தெறிப்பு கூடும், ஆம்பியர் கண்டபடி ஏறி இறங்கும். அந்த ஆம்பியரைத்தான் சென்சார் இடம் வலம் என்று வாசிக்கிறது. காற்று எப்போதும் ஒரே பக்கமிருந்து வருவதால், கருவி டார்ச்சை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டும் போகலாம்.

கேஸ் அளவைக் கூட்டினால் சரியாகும் என்று சிலர் நிமிடத்துக்கு 25, 30 லிட்டருக்கு ஏற்றுகிறார்கள். கேஸ் வெளிவரும் நாசிலுக்குள் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், நிலைமை இன்னும் மோசமாகும். மேற்குப் பக்கம் தார்ப்பாய்த் திரையோ தகட்டு மறைப்போ கட்டுங்கள். டிராக்கிங் மட்டுமல்ல, பீடில் விழும் ஊசித் துளைகளும் நின்றுவிடும். அந்தத் துளைகள்தான் இதைவிட ஆபத்தானவை. டார்ச் விலகியது கண்ணுக்குத் தெரியும், துளை பீடுக்குள் ஒளிந்துகொள்ளும்.

கொழிஞ்சாம்பாறை, பால் குளிரூட்டும் தொட்டி செய்பவர்: ஸ்டெயின்லெஸ் தகட்டில் லேசர் சென்சார் பேய் பிடித்தது போல எங்கெங்கோ இணைப்பைக் காட்டுகிறது.

பளபளப்பான தகடு கண்ணாடி போல லேசரைத் திருப்பி அடிக்கிறது. ஒரு சுவரில் பட்ட ஒளி அடுத்த சுவரில் பட்டு இரண்டாவது கோடாகத் தெரியும். சென்சார் எதை நம்புவது? சென்சாரைச் சில டிகிரி சாய்த்துக் கட்டிப் பாருங்கள். கேமரா எக்ஸ்போஷரைக் குறையுங்கள். முந்தைய இடத்துக்கு அருகில் மட்டும் தேடும்படி எல்லை கொடுங்கள். நீல லேசர் உள்ள சென்சார் கிடைத்தால் பளபளப்பில் அது பெரும்பாலும் சற்று நன்றாக நிற்கிறது.

நீங்கள் டிக் வெல்டிங் (உருகாத டங்ஸ்டன் முனையால் செய்வது) செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயரத்துக்கு லேசரை நம்ப வேண்டியதே இல்லை. டிக்கில் ஆம்பியர் நிலையாக இருக்கும், ஆர்க்கின் நீளத்தோடு வோல்டேஜ் மாறும். ஆர்கான் கேஸில் 1 மி.மீ.க்கு 1 வோல்ட்டுக்கு உட்பட்ட மாற்றம். அதை வைத்தே டார்ச்சை ஏற்றி இறக்கும் ஏ.வி.சி. (ஆர்க் வோல்டேஜ் கன்ட்ரோல்) கருவி பல காலமாக இருக்கிறது, விலையும் எட்டக்கூடியது. டங்ஸ்டன் முனை தேய்ந்து மழுங்கினால் வோல்டேஜும் மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அலுமினியம் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அலுமினிய வயரின் மின்தடை மிகக் குறைவு. நீட்டிய வயரில் முன்சூடு ஏறுவதே அபூர்வம் என்பதால் ஆர்க் சென்சிங்குக்கு அங்கே பிடிமானம் குறைவு. லேசருக்குப் போங்கள், பளபளப்புக்கு மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

கோவை–பாலக்காடு சாலை, டேங்க் ஃபாப்ரிகேஷன்: 2 மீட்டர் விட்டத் தொட்டியை ரோலர் மேல் சுழற்றி ஃப்ளக்ஸ் பொடிக்கு அடியில் ஆர்க் எரியும் சப்மெர்ஜ்டு ஆர்க்கில் சுற்று வெல்டிங் செய்கிறோம். ஒரு சுற்று முடிவதற்குள் இணைப்பு டார்ச்சை விட்டு நகர்ந்துவிடுகிறது.

தொட்டி ரோலர் மேல் நீளவாக்கில் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் ரோலர்கள் எல்லாம் தொட்டி அச்சுக்கு ஒரே பக்கமாக 0.1 டிகிரி சாய்ந்திருந்தால்கூட, ஒரு சுற்றுக்கு 6.28 மீட்டர் சுற்றளவில் ஏறத்தாழ 11 மி.மீ. நகரும். கண்ணால் பார்த்து 0.1 டிகிரியைக் கண்டுபிடிக்க முடியாது. தொட்டியின் ஓரத்தில், சிறு நகர்வையும் காட்டும் டயல் கேஜ் வைத்து, வெல்டிங் இல்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முதலில் ரோலரைச் சீராக்குங்கள், முடியாவிட்டால் ஓரத்தில் தடுப்பு உருளை வையுங்கள்.

மிச்சத்துக்கு, பள்ளத்துக்குள் ஓடும் குச்சியோ சக்கரமோ உள்ள தொடு சென்சார் போதும். ஃப்ளக்ஸ் ஆர்க்கை மூடிவிடுவதால் வெல்டர் கண்ணால் பார்க்க முடியாத வேலை இது. அதனால்தான் வெகு காலத்துக்கு முன்பே இதற்குக் குச்சிச் சென்சார் வந்தது. குச்சி ஃப்ளக்ஸ் விழும் இடத்துக்கு முன்னால் ஓட வேண்டும். கடைசி லேயரில் பள்ளம் நிரம்பிப் பிடிமானம் போகும் என்பதால், அங்கே சக்கரத்தைத் தகட்டு விளிம்பிலோ வேறு நிலையான கோட்டிலோ ஓட்டுங்கள்.

முதலமடை, விவசாயக் கருவிகள் பட்டறை: டேக் (தகடுகளைப் பிடித்து வைக்க முன்னதாகப் போடும் சிறு வெல்டிங்) வைத்த இடத்தில் எல்லாம் டார்ச் துள்ளுகிறது.

டேக்கைக் கிரைண்டரால் தேய்த்துச் சரிவாக்குங்கள். ஒரு மி.மீ. பயணத்துக்கு டார்ச் எவ்வளவு வரை பக்கவாட்டில் போகலாம் என்று மென்பொருளில் எல்லை வையுங்கள். அந்த எல்லையைத் தாண்டிய அளவு வந்தால் அதைப் புறக்கணித்துப் பழைய திசையிலேயே போகச் சொல்லுங்கள்.

கஞ்சிக்கோடு, தயாரிப்பு மேலாளர்: டிராக்கிங் சரியாக இருக்கிறது. ஆனாலும் சில இடங்களில் பள்ளம் நிரம்பவில்லை, சில இடங்களில் பீட் மேடாகிறது.

டிராக்கிங் இடத்தை மட்டும்தான் சரி செய்யும். நிரப்ப வேண்டிய அளவு வேறு கணக்கு. 12 மி.மீ. தகட்டில் 60 டிகிரி ‘வி’ பள்ளம், அடியில் தகடுகளுக்கு நடுவே உள்ள ரூட் கேப் 2 மி.மீ. என்றால் குறுக்குவெட்டு ஏறத்தாழ 107 சதுர மி.மீ. கேப் 4 மி.மீ. ஆனால் 131. இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதல் உலோகம் வேண்டும். வேகமும் வயர் அளவும் மாறாமல் இருந்தால் அங்கே பள்ளம் பள்ளமாகவே நிற்கும். லேசர் சென்சார் கேப்பையும் அளக்கும் என்பதால், கேப் கூடும் இடத்தில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்க்கலாம். நான் அதற்கு அவசரப்பட மாட்டேன். 2 மி.மீ. 4 ஆவது ஏன் என்று வெட்டும் மேசைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே செலவழிக்கும் ஒரு நாள், இங்கே பல மாதத் தலைவலியைக் குறைக்கும்.

கோபாலபுரம், மூத்த வெல்டர்: தம்பி, நான் கையால் வெல்டிங் செய்தே தலை நரைத்தவன். இந்தக் கருவிகள் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை இருக்குமா? உண்மையைச் சொல்லு.

அண்ணே, ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வரும் துண்டுகளின் வேலை எந்திரத்துக்குப் போகும். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நான் பொருத்திய கருவிகளில் நன்றாக ஓடுபவை எல்லாம், பக்கத்தில் நல்ல வெல்டர் நிற்கும் இடங்களில்தான் ஓடுகின்றன. ஆர்க்கின் சத்தம் மாறியதும் தலையைத் தூக்கிப் பார்ப்பவர் அவர்தான். உருகிய உலோகக் குளத்தின் வடிவத்தைப் பார்த்து, கேஸ் குறைகிறது, தகட்டில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்பவரும் அவரே. இந்த டிராக்கிங் சென்சார்கள் எதுவும் இதைச் சொல்வதில்லை. ஆபரேட்டர் வேலைக்கு எட்டு மாதம் கணினி படித்துவிட்டு வந்தவரை எடுத்து, வெல்டரை அனுப்பிவிடும் முதலாளிகளிடம் நான் வெளிப்படையாகவே சண்டை போட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் வெல்டிங்கை முழுமையாகக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு மேல் ரோபோ நிரல் எழுதக் கற்றுக்கொள்ளட்டும். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பயிற்சிகளும் நடத்துகிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

பாலக்காடு, இறுதியாண்டு மாணவர்கள்: குறைந்த செலவில் நாங்களே ஒரு டிராக்கிங் கருவி செய்து பார்க்க விரும்புகிறோம். எங்கே தொடங்கலாம்?

கேமராவில் தொடங்காதீர்கள், தம்பிகளே. ஒரே அச்சில் தொடங்குங்கள். டிக் டார்ச்சின் உயரத்தை வோல்டேஜ் பார்த்துத் திருத்தும் கருவி நல்ல முதல் வேலை. ஸ்டெப்பர் மோட்டார், சிறு பால் ஸ்க்ரூ, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். உடனே பி.ஐ.டி.க்குப் போகாமல், குறித்த வோல்டேஜுக்கு மேலும் கீழும் ஒரு சிறு அமைதி எல்லை வைத்து, அதைத் தாண்டினால் மட்டும் ஒரு படி ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். அது எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகு கணக்கை நுணுக்கமாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. டிக் பற்றும்போது வரும் ஹை-ஃப்ரீக்வென்சி பொறி ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்டது. அது உங்கள் அளவீட்டு வயர் வழியே ஏறி போர்டைச் சுட்டுவிடும். ஆர்க் பற்றி நிலைக்கும் வரை அளவீட்டைத் துண்டித்து வைக்கும் ரிலே போடுங்கள். ஃபில்டரும் தனிமைப்படுத்தலும் கட்டாயம். மிக்கில் ஆம்பியரை அளப்பதாக இருந்தால் கேபிளைச் சுற்றிப் போடும் ஹால் சென்சார் பாதுகாப்பானது.

பிறகு லேசருக்கு வரும்போது, கேமராவின் முன்னால் லேசரின் நிறத்தை மட்டும் விடும் குறுகிய பட்டை ஃபில்டர் போடாவிட்டால் ஆர்க் வெளிச்சத்தில் படம் வெள்ளையாகத்தான் வரும். லேசரின் வகுப்பைப் பார்த்து வாங்குங்கள். 3பி வகை லேசர் நேராகக் கண்ணில் பட்டால் பார்வை போகும், பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பினாலும் அதே ஆபத்துதான்.

கஞ்சிக்கோடு, பராமரிப்புப் பிரிவு: ஏற்கெனவே ஓடும் லேசர் கருவிக்குத் தினமும் என்ன பார்க்க வேண்டும்?

ஷிப்ட் தொடங்கும்போது சென்சாரின் பாதுகாப்புக் கண்ணாடியைப் பாருங்கள். தெறிப்பு ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், மாற்றுங்கள். சென்சாருக்குக் குளிர்காற்று வரும் குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று ஏர் ஃபில்டரைத் திறந்து வடியுங்கள். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் அது சீக்கிரம் நிறையும். டிப் மாற்றியதும், ஒரு நிலையான ஊசி முனையில் வயர் முனையைக் கொண்டுபோய் நிறுத்தி, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று சரிபாருங்கள். டார்ச் எங்கேயாவது இடித்தால், சிறிய இடி என்று விட்டுவிடாதீர்கள். சென்சாருக்கும் டார்ச்சுக்கும் உள்ள தூரத்தை மறுபடியும் அளவுத் தகட்டில் ஓட்டிச் சரிசெய்த பிறகே உற்பத்திக்கு விடுங்கள். அந்த அளவுத் தகட்டை யாரும் கருவிப் பெட்டியில் தூக்கிப் போட்டுவிடாமல் எந்திரத்தின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.